டுடோரியலை மூடிவிட்டு வரையுங்கள்: கிராஃபிக் டிசைன் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

டுடோரியல் வீடியோக்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் ஒரு காலிப் பக்கத்தைத் திறந்துவைத்து, நாமாகவே ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால் கை நகர்வதில்லை. எனக்கு முதல் ஆறு மாதம் அப்படித்தான் போனது. தினமும் இரவு ஒரு வீடியோ, சில நாள் இரண்டு, வீடியோவில் இருப்பவர் எங்கே கிளிக் செய்கிறாரோ அங்கே நானும் கிளிக் செய்து நிறைய லோகோக்கள் செய்து வைத்திருந்தேன். எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒரு பிட் நோட்டீஸ் கேட்டார், அன்றைக்கு மூன்று மணிநேரம் உட்கார்ந்தும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த நிறம், எங்கே இடம் விடுவது, இந்த முடிவுகள் எல்லாவற்றையும் வீடியோவில் இருப்பவர் முன்பே எடுத்துவிட்டார். நான் மவுஸை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தேன். முடிவெடுப்பதுதான் டிசைன், அதை நான் ஒரு நாள்கூடப் பழகவில்லை. இன்னொன்றும் இருந்தது. அந்த வீடியோக்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தவை. அக்கா கேட்டது தமிழ் நோட்டீஸ்.

அதனால் இங்கே நான் சொல்லப்போகும் வழி இதுதான்: குறைவாகப் பாருங்கள், பார்த்ததைத் திரும்பத் திரும்ப உடைத்துப் பாருங்கள், முதல் வாரத்திலிருந்தே தமிழ் எழுத்தை வைத்துப் பழகுங்கள்.

முதலில் ஒரே ஒரு மென்பொருள்

நான் இங்க்ஸ்கேப்பில் தொடங்கச் சொல்வேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 4 ஜிபி ரேம் உள்ள பழைய கம்ப்யூட்டரிலும் சின்ன வேலைகளுக்கு மூச்சு வாங்காது. இது வெக்டர் மென்பொருள், அதாவது நீங்கள் வரையும் கோட்டைப் புள்ளிப் புள்ளியாகச் சேமிக்காமல் இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு இப்படி வளைந்து போகிறது என்று கணக்காகச் சேமிக்கும், அதனால் விசிட்டிங் கார்டுக்கு வரைந்ததை 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸாகப் பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. புகைப்படம் திருத்துவது வேறு வேலை. அதற்கு கிம்ப் இருக்கிறது, அதுவும் இலவசம்தான், 1996இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதை இரண்டு மாதம் கழித்துத் தொடலாம்.

இங்க்ஸ்கேப்பை நான் முன்னால் வைப்பதற்கு முக்கியமான காரணம், யூனிகோட் தமிழ், அதாவது கைப்பேசியிலும் இணையத்திலும் நாம் டைப் செய்யும் தமிழ், இதில் எந்த செட்டிங்கும் மாற்றாமல் சரியாக வரும். சில மென்பொருள்களில் ‘கொ’ என்று டைப் செய்தால் கொம்பு போக வேண்டிய இடத்தில் போகாமல் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால்தான் இது சரியாகும். இன்டிசைனில் வேர்ல்டு ரெடி காம்போசர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வருபவர் முதல் நாளே இதில் மாட்டிக்கொண்டு தமிழே வராது போல என்று விட்டுவிடுவார். அது நடக்கக் கூடாது.

அச்சகத்திலோ ஃப்ளெக்ஸ் கடையிலோ வேலைக்குப் போவதுதான் உங்கள் எண்ணம் என்றால் கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் கட்டாயம் தெரிய வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பென் டூல் (வளைகோடு வரையும் கருவி), நோட் (கோட்டின்மேல் பிடித்து இழுக்கும் புள்ளி), அலைன் (வரிசைப்படுத்துவது), வடிவங்களைச் சேர்ப்பது, வெட்டுவது எல்லாம் எங்கேயும் ஒன்றுதான். ஒன்றில் கை பழகிவிட்டால் அடுத்ததில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுவது மட்டும்தான் வேலை. கேன்வாவில் தொடங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்ய அது நல்ல கருவி. கற்றுக்கொள்வதற்கு வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் டெம்ப்ளேட்டைத் திறந்ததும் நீங்கள் பழக வேண்டிய முடிவுகள் எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும்.

மென்பொருளோடு சேர்த்து ஃபான்ட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டினால் கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ், அனெக் தமிழ், கையெழுத்துச் சாயலில் கவிவனார் எல்லாம் கிடைக்கும். எல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பவை, காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். நான்கைந்து போதும். ஐந்நூறு ஃபான்ட் வைத்திருப்பவர் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ஒரு மணிநேரம் ஃபான்ட் தேடுவதிலேயே கழிப்பார். தமிழ் தட்டச்சு தெரியாவிட்டால் இப்போதைக்குக் கைப்பேசியில் டைப் செய்து உங்களுக்கே அனுப்பி, காப்பி செய்து ஒட்டிக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகையைத் தினம் பதினைந்து நிமிடம் தனியாகப் பழகுங்கள்.

முதல் வாரம்: வெளியே தேடவே வேண்டாம்

இங்க்ஸ்கேப்பின் ஹெல்ப் மெனுவுக்குள் டுடோரியல்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. அதில் பேசிக், ஷேப்ஸ் என்று பாடங்கள் இருக்கும். அந்தப் பாடமே ஒரு இங்க்ஸ்கேப் ஃபைலாகத்தான் திறக்கும், அதாவது இந்தச் சதுரத்தை இழுத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தால் அந்த வரிக்குக் கீழே இருக்கும் சதுரத்தை அங்கேயே இழுத்துப் பார்க்கலாம். படிப்பதும் செய்வதும் ஒரே இடத்தில் நடக்கிற இந்த மாதிரிப் பாடம் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. அந்த இரண்டையும் முடிக்க நான்கு நாள் போதும்.

இந்த வாரம் மூன்று கீகள் மட்டும் மனப்பாடமாக இருந்தால் போதும். பொருளைத் தேர்ந்தெடுக்க எஸ் (S), நோட்களை அசைக்க என் (N), பென் டூலுக்கு பி (B). அப்புறம் இரண்டு வேலைகள்: இரண்டு வடிவங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் பிளஸும் அழுத்தினால் ஒன்றாகச் சேரும், கன்ட்ரோலும் மைனஸும் அழுத்தினால் மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டிவிடும். இரண்டு வட்டத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெட்டி ஒரு பிறை வரைந்து பாருங்கள், அவ்வளவுதான்.

டுடோரியலை மூன்று தடவை செய்வது

இரண்டாவது வாரத்திலிருந்து வெளியே உள்ள வீடியோக்களுக்குப் போகலாம். தேர்ந்தெடுக்கும்போது பதிப்பைப் பாருங்கள். இங்க்ஸ்கேப் 1.0 வந்தது 2020 மே மாதம். அதற்கு முந்தைய 0.92இல் எடுத்த வீடியோக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, அவற்றில் பேனல்களும் மெனுக்களும் வேறு இடத்தில் இருக்கும், உங்கள் திரையில் அது இல்லையே என்று குழம்பிப் போவீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் போகிற வீடியோவும் இப்போது வேண்டாம்.

ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டால் அதை மூன்று தடவை செய்யுங்கள். முதல் தடவை அவர் செய்வதை அப்படியே நிறுத்தி நிறுத்திச் செய்யலாம், ஆனால் பக்கத்தில் ஒரு நோட்டு வேண்டும். அதில் எந்த பட்டனை அழுத்தினார் என்று எழுத வேண்டாம், ஏன் அழுத்தினார் என்று எழுதுங்கள். ‘ஓரம் வட்டமாக வர இரண்டு வடிவத்தையும் சேர்த்தார்’ என்ற மாதிரி ஒரு வரி. இரண்டாவது தடவை மறுநாள், வீடியோவை மூடிவிட்டு, நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நடுவில் நிச்சயம் சிக்கிக்கொள்வீர்கள். உடனே வீடியோவைத் திறக்காமல் பத்து நிமிடம் நீங்களாக முட்டிப் பாருங்கள், மெனு மெனுவாகத் திறந்து பாருங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் வேறு நான்கு விஷயம் தற்செயலாகக் கண்ணில் படும், அதுதான் லாபம். மூன்றாவது தடவை அதே உத்தியை வேறு பொருளுக்குப் போடுங்கள். அவர் காபி கப் வரைந்திருந்தால் நீங்கள் உங்கள் வீட்டு டம்ளரை வரையுங்கள்.

இந்த மூன்றாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் டம்ளரையே எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

ஒரு எவர்சில்வர் டம்ளர்

அடுப்படியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். அதை இங்க்ஸ்கேப் பக்கத்துக்குள் இழுத்துப் போட்டு ஒப்பாசிட்டியை (படம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை) 40க்குக் குறைத்து, அந்த லேயரை (அடுக்கை) பூட்டிவிட்டு, மேலே புது லேயர் போடுங்கள். ஒரு செவ்வகம் வரைந்து ஷிஃப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது நோட்களால் ஆன பாதையாக மாறிவிடும். என் அழுத்தி, கீழே இடது மூலையில் இருக்கும் நோட்டைத் தேர்ந்தெடுத்து வலது அம்புக்குறியைப் பத்து தடவை தட்டுங்கள். வலது மூலை நோட்டை இடது பக்கம் பத்து தடவை. இரண்டு பக்கமும் சமமாகக் குறுகும், மவுஸில் இழுத்தால் இந்தச் சமம் வராது.

அடுத்து வாய்ப்பகுதிக்கு ஒரு நீள்வட்டம், அடிக்கு இன்னொரு சின்ன நீள்வட்டம். அடியில் உள்ளதை உடலோடு சேர்த்துவிடுங்கள், தட்டையாக இருந்த அடிப்பாகம் வளைந்துவிடும். வாயில் உள்ளதைச் சேர்க்க வேண்டாம், அதை நகலெடுத்துக் கொஞ்சம் சுருக்கிக் கருமையாக்கினால் உள்பக்கம், இன்னும் ஒன்றை எடுத்துக் கொஞ்சம் கீழே இறக்கிப் பழுப்பு நிறம் கொடுத்தால் காபி. இப்போது பார்க்க டம்ளர் மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் டம்ளர் மாதிரி இருக்கும்.

இங்கேதான் பரிசோதனை தொடங்குகிறது. கிரேடியன்ட் டூலை எடுத்து உடலின்மேல் இடமிருந்து வலமாக இழுங்கள். இரண்டே நிறம், சாம்பலிலிருந்து வெள்ளைக்கு மெதுவாகப் போகும். அந்தக் கோட்டின்மேல் இரட்டைக் கிளிக் செய்தால் நடுவில் புது நிறம் சேர்க்கலாம். கருஞ்சாம்பல், வெள்ளை, நடுச்சாம்பல், மறுபடி வெள்ளை, கருஞ்சாம்பல் என்று ஐந்தாறு போட்டு, அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் நெருக்கி வையுங்கள். சட்டென்று எவர்சில்வர் ஆகிவிடும். வெளிச்சமும் இருட்டும் திடீர் திடீரென்று மாறினால் கண் அதை உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது, மெதுவாக மாறினால் பிளாஸ்டிக் அல்லது மண் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எடுத்த படத்தை மறுபடி பாருங்கள், டம்ளரின்மேல் ஜன்னல் ஒரு வெள்ளைப் பட்டையாகவும் பக்கத்துச் சுவர் ஒரு கறுப்புப் பட்டையாகவும் விழுந்திருக்கும். அந்தச் சாம்பலையே மஞ்சள் பழுப்பாக மாற்றினால் பித்தளை. இந்த ஒரு டம்ளரிலிருந்து பாத்திரக்கடை விளம்பரம் வரை போகலாம். இதை எந்த வீடியோவும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை, நிறங்களை நெருக்கியும் விலக்கியும் பார்த்து நானாகக் கண்டதால்தான் மறக்கவில்லை.

பென் டூலுக்குக் கோலம்

பென் டூலைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். இழுத்தால் எங்கேயோ வளைகிறது, கைப்பிடி மாதிரி இரண்டு கோடு முளைக்கிறது. ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியே கார் உடலின் வளைவுகளை வரைவதற்காக 1960களில் பரப்பிய கணக்குமுறைதான் இது, அதனால்தான் இதற்கு பெசியர் என்று பெயர். கைப்பிடியின் நீளம் வளைவின் இழுப்பு, கைப்பிடியின் திசை கோடு புறப்படும் திசை. இதைப் படித்து விளங்கிக்கொள்வது கஷ்டம், கையில் வர வேண்டும்.

அதற்கு நம்மிடம் சிக்குக் கோலத்தைவிட நல்ல பயிற்சி இல்லை. கிரிட்டை (கட்டக் கோடுகளை) போட்டு, ஸ்நாப்பை (பக்கத்தில் போனால் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதியை) இயக்கி, 5க்கு 5 புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு இடையில் சம இடைவெளி வர அலைன் அண்ட் டிஸ்ட்ரிபியூட் பேனலைப் பயன்படுத்துங்கள், கண்ணால் அளந்து வைக்க வேண்டாம். பிறகு கோலத்தின் கால்பாகத்தை மட்டும் பென் டூலில் வரையுங்கள். ஒரு விதி: வளைவின் உச்சியில், அடியில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில் மட்டும் நோட் வையுங்கள், நடுவில் வைக்காதீர்கள், கைப்பிடிகளை நேர்ப்படுக்கையாகவோ நேர்செங்குத்தாகவோ வைத்திருங்கள். நோட் குறையக் குறைய கோடு வழவழப்பாகும். இருபது நோட் போட்டு வரைந்த வட்டம் நசுங்கின தகரம் மாதிரி இருக்கும், நான்கு நோட் வட்டம் வட்டமாகவே இருக்கும். கால்பாகம் முடிந்ததும் அதை இரண்டாவது தடவை கிளிக் செய்தால் நடுவில் ஒரு சின்னக் கூட்டல்குறி தெரியும், அதைக் கோலத்தின் மையத்துக்கு இழுத்து வைத்துவிட்டு, நகலெடுத்து, கன்ட்ரோலை அழுத்தியபடி 90 பாகை சுற்றுங்கள். மூன்று நகல், கோலம் முடிந்தது. முனைகள் ஒட்டவில்லை என்றால் கால்பாகத்தின் முனை நோட் கிரிட்டில் உட்காரவில்லை என்று அர்த்தம்.

கோலம் வந்துவிட்டால் அடுத்தது ‘அ’. ஏதாவது ஒரு ஃபான்ட்டில் பெரிதாக ‘அ’ டைப் செய்து, அதன்மேல் நீங்கள் பென் டூலில் வரையுங்கள். சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் அந்த ஒரே எழுத்தில் இருக்கிறது. முடித்த பிறகு ஃபான்ட்டின் ‘அ’வையும் பாதையாக மாற்றி, குரூப்பைக் கலைத்து, என் அழுத்திப் பாருங்கள். எழுத்தை வடிவமைத்தவர் எங்கெங்கே நோட் வைத்திருக்கிறார், நீங்கள் எங்கே வைத்தீர்கள் என்று பக்கத்துப் பக்கத்தில் தெரியும். எனக்கு இது ஒரு வருட வகுப்புக்குச் சமமாக இருந்தது.

தமிழ் எழுத்து எங்கே வேறுபடுகிறது

ஆங்கில டுடோரியல்கள் சொல்லும் சில உத்திகள் தமிழில் வேலை செய்யாது, சில கெடுதலே செய்யும். அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, கெட்டுப்போவதைக் கண்ணால் பாருங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை அகலமாக விட்டால் தலைப்பு கம்பீரமாக இருக்கும் என்று சொல்வார்கள், ஆங்கிலத்தில் அது சரி. தமிழில் ‘காரம்’ என்ற சொல்லை அப்படி விரித்துப் பாருங்கள். துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி நின்றால் அது பக்கத்தில் இருக்கும் ‘ர’வோடு குழம்பும், இரண்டின் உருவமும் ஏறக்குறைய ஒன்றுதானே. ‘தேர்’ என்பதில் கொம்பு தனியாக மிதக்கும். கம்பீரம் வேண்டுமென்றால் எழுத்தை விரிக்காமல் தலைப்பைச் சுற்றி வெற்றிடம் விடுங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல முழுதும் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நம்மிடம் இருப்பது அளவு, தடிமன், நிறம், இடம் நான்குதான். அதனால் பல தடிமன்களில் வரும் ஃபான்ட் குடும்பத்தை எடுத்துக்கொள்வது நல்லது, கேட்டமரானில் மெல்லிசிலிருந்து மிகத் தடிப்பு வரை 9 இருக்கிறது. தடிப்பு இல்லாத ஃபான்ட்டுக்குச் சுற்றிலும் கோடு கொடுத்துத் தடிப்பாக்கினால் ‘இ’, ‘ஐ’ மாதிரி எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கோடு வேண்டுமென்றால் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பேனலில் கோடு நிறத்துக்குப் பின்னால் போகும்படி வரிசையை மாற்றுங்கள், எழுத்து தன் உருவத்தை இழக்காது.

வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ‘கி’, ‘கீ’யின் வளைவும் புள்ளியும் மேலே போகின்றன, ‘பு’, ‘சூ’ கீழே இறங்குகின்றன, மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். மென்பொருள் கொடுக்கும் இடைவெளியை விட்டுவிட்டு 1.4, 1.5, 1.6 என்று மூன்று நகல் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் நம் சொற்கள் நீளம். ‘நடைபெறவிருக்கிறது’ ஒரு குறுகிய பத்தியில் அடங்காது, இருபுறமும் சமப்படுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். இடதுபக்கம் மட்டும் ஒட்டி விடுங்கள், அல்லது ‘நடக்கிறது’ என்று மாற்றலாமா என்று கேளுங்கள். சொல்லைச் சுருக்கக் கேட்பதும் டிசைனர் வேலைதான். கையால் சொல்லை உடைக்க நேர்ந்தால் புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கவே கூடாது.

நல்ல எழுத்தைப் பார்க்கப் பழகுங்கள், திரையில் மட்டும் தேட வேண்டாம். பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள் உள்ளங்கையில் பாதி அளவில் இரண்டு மூன்று நிறத்தில் எவ்வளவு செய்திருக்கின்றன என்று பாருங்கள். சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் ஓவியர் ஆதிமூலம் கையால் எழுதிக்கொடுத்த தலைப்புகளைத் தேடிப் பாருங்கள், ஒரே எழுத்து அவர் கையில் எப்படியெல்லாம் மாறுகிறது என்று தெரியும். பிடித்ததைப் படம் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு, ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

முதல் முழு வேலை: ஒரு பிட் நோட்டீஸ்

ஏ5 அளவு, 148க்கு 210 மில்லிமீட்டர். டியூஷன் சென்டர், தையல் வகுப்பு, கோயில் கொடை, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உண்மையான செய்தி, உண்மையான ஊர், உண்மையான தேதியாக இருக்கட்டும். மாதிரி வாசகம் போட்டுச் செய்தால் இடம் போதாமல் போகிற தவிப்பு வராது, அது வந்தால்தான் கற்க முடியும்.

மென்பொருளைத் திறக்கும் முன்னால் தாளில் எழுதுங்கள்: என்ன, யாருக்கு, எங்கே, எப்போது, யாரை அழைப்பது. இவற்றில் ஒன்றுதான் பெரிதாக இருக்கலாம். எல்லோரும் எல்லாவற்றையும் பெரிதாகக் கேட்பார்கள், எல்லாம் பெரிதானால் எதுவும் பெரிதில்லாமல் போய்விடும்.

இனி ஒரே நோட்டீஸை ஐந்து நகல் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். முதல் ஐந்தும் கறுப்பு மட்டும். ஒன்றில் அளவை மட்டும் மாற்றலாம், இன்னொன்றில் தடிமனை மட்டும், மூன்றாவதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, இடத்தை மட்டும் மாற்றலாம், நான்காவதில் நடுவில் ஒட்டியது, ஐந்தாவதில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றி நன்றாக வந்துவிட்டால் எதனால் நன்றாக வந்தது என்று தெரியாது, அடுத்த வேலையில் அதை மறுபடி செய்ய முடியாது. பிறகு எழுந்து ஐந்து அடி தள்ளிப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது முதலில் தெரிகிறது? அது ‘என்ன’வாக இருந்தால் சரி. பின்னணி டிசைன் முதலில் தெரிந்தால் அதைக் குறைக்க வேண்டும்.

கறுப்பில் நின்ற பிறகு ஒரு நிறம் சேருங்கள். சேர்த்ததும் அந்தப் பக்கத்தைச் சாம்பல் நிறத்தில் மாற்றிப் பாருங்கள். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து திரையில் பளிச்சென்று இருக்கும், சாம்பலில் இரண்டும் ஒரே அடர்த்தியாகி எழுத்தே காணாமல் போகும். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு அந்த நோட்டீஸ் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். திரையில் படிக்கும் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 மாறுபாடு இருக்க வேண்டும் என்பது இணையத்தில் பின்பற்றப்படும் அளவுகோல். அதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு.

ஒவ்வொரு நகலையும் நோட்டீஸ் 01, 02 என்று எண் போட்டுச் சேமியுங்கள். பழையதன்மேல் சேமிக்காதீர்கள். ஏழாவது பார்த்தபின் மூன்றாவதே நன்றாக இருந்தது என்று அடிக்கடி தோன்றும்.

அச்சுக்குக் கொடுத்துப் பாருங்கள்

திரையில் மட்டும் செய்துகொண்டிருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் வளர்ச்சி இல்லை. நூறு பிரதியாவது அச்சிட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். இந்தப் பகுதியில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு உறவினர் வீட்டு வரவேற்பு அட்டை, 200 பிரதி. எழுத்துகளை அப்படியே விட்டு ஃபைலை அனுப்பிவிட்டேன். அங்கே அந்த ஃபான்ட் இல்லை, வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்து, கொம்புகள் எல்லாம் இடம் மாறி, மணப்பெண்ணின் பெயரே தவறாக அச்சாகி வந்தது. மறுநாள் முழுவதையும் என் செலவில் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அச்சகத்தில் கர்வ்ஸ் பண்ணிட்டீங்களா என்று கேட்பார்களே, அது இதைத்தான். எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து, டம்ளருக்குச் செய்த மாதிரியே பாதையாக மாற்றி, அதற்கு முன்பு எழுத்தாகவே இருக்கும் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதையாக மாறிய பின் எழுத்துப் பிழை திருத்த முடியாது. பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் உட்கார்ந்திருக்கும், ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அவர்கள் கொடுக்கும் வாசகத்தை வாங்கும்போது யூனிகோடாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓரம்வரை நிறம் போகிற டிசைன் என்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து கொடுக்க வேண்டும், வெட்டும் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாது. அதேபோல முக்கியமான எழுத்து ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். புகைப்படம் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும் என்பார்கள். கணக்கு எளிது, படத்தின் அகலம் 1200 பிக்சல் என்றால் 300ஆல் வகுங்கள், 4 அங்குலம் வரைதான் அது தெளிவாக அச்சாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் 72 முதல் 100 வரை போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை, திரை சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தில் நிறம் காட்டுகிறது, மல்டிகலர் அச்சு நான்கு மையில் அடிக்கிறது, அதனால் திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் மங்கித்தான் வரும். இங்க்ஸ்கேப் கொடுக்கும் பிடிஎஃப் திரை நிறத்தில் வரும், நான்கு மைக்கு மாற்ற ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருளில் கொண்டுபோய் வைத்து அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். சின்ன எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தெரியும்.

எல்லாம் முடிந்து ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் பிரதி) கைக்கு வந்ததும் டிசைனைப் பார்த்து மயங்கி உடனே ஓகே சொல்லிவிடாதீர்கள். நோட்டீஸ் யாருக்கோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், தேதிக்கு நேரே கிழமை சரியா என்று காலண்டரில் பாருங்கள், ப்ரூஃபில் இருக்கும் ஃபோன் நம்பரை அதைப் பார்த்தே உங்கள் கைப்பேசியில் அழுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் பையில் மணி அடித்த பிறகு அச்சுக்குப் போகச் சொல்லலாம்.